கரைக்குப் பின்னால் சிவப்பு

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள், டீச்சர். எனக்கு வேண்டாம். வெளியே பார்த்தால் எனக்கு ஆகாது. தலைச்சுற்றல் எல்லாம் இல்லை. சர்வே இலாகாவில் முப்பது வருஷம் மலை மலையாகச் சங்கிலி இழுத்தவன், என்னை இந்த வளைவு என்ன செய்யும்? இது வேறு.

டீச்சர் என்று எப்படித் தெரிந்தது என்று பார்க்கிறீர்களா? டிரங்குப் பெட்டி, சுருட்டின பாய், மடியில் ஆர்டர் வைத்த ஃபைல். ஜூன் மாதத்தில் தூரிமட்டத்துக்கு இப்படி மூட்டையோடு ஏறினால் ஒன்று நர்ஸ், இல்லை டீச்சர். நர்ஸ் என்றால் இந்நேரம் தூங்கியிருப்பார். என்ன பாடம்? இங்கிலீஷா?

அப்படியா. இங்கிலீஷ். நல்லது.

இந்தப் பாதையைப் போட்டவன் யாரோ, பெயர் தெரியாது. கெட்டிக்காரன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வண்டி மூச்சு வாங்க ஒரு சமதளம் விட்டிருக்கிறான், கவனித்தீர்களா? மலை எங்கே வளைகிறதோ அங்கேதான் பாதையும் வளைகிறது. மலையை அதட்டவில்லை. பத்துக்கு எட்டு போடுவேன். ஒன்பதாம் வளைவில் எதிரே வருகிற வண்டி தெரியாது, அதற்காக இரண்டு குறைக்கிறேன்.

சிரிக்காதீர்கள். மார்க் போடுவது எனக்குப் பழக்கம். உங்களுக்கு எப்படியோ அப்படித்தான். நீங்கள் பிள்ளைகளுக்குப் போடுகிறீர்கள், நான் கோல்ஃப் மைதானங்களுக்குப் போட்டேன். மாசிலாமணி என்றால் அந்த வட்டாரத்தில் தெரியும். ரிட்டையரான பிறகு ஒரு மைதானத்தை அளந்து கொடுக்கப் போனேன். அளந்தவன் அப்படியே ஒட்டிக்கொண்டேன். எங்கள் கோல்ஃப் சங்கத்தில் வருஷா வருஷம் மூன்று பேரை அனுப்புவார்கள். எந்த மைதானத்தின் அமைப்பு நன்றாக இருக்கிறது, எதில் என்ன மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற இரண்டு பேரில் ஒருவர் பல் டாக்டர். அவர் கிளப் சமையலை வைத்துத்தான் மார்க் போடுவார். கட்லெட் நன்றாக இருந்தால் பதினெட்டுக் குழியும் நன்றாக இருக்கும். இன்னொருவர் மில் மேனேஜராக இருந்தவர். டாக்டர் என்ன போடுகிறாரோ அதில் ஒன்று குறைத்துப் போடுவார். ஆகவே உண்மையில் பார்ப்பவன் நான் ஒருவன்தான். ரிப்போர்ட் எழுதுவதும் நான்தான்.

பெருமைக்குச் சொல்லவில்லை. இது முக்கியம், அதனால் சொன்னேன். எழுதியது நான்தான்.

கோல்ஃப் தெரியாதா? தெரிய வேண்டாம். ஒரு பந்தை ஒரு மேடையிலிருந்து அடித்து, தூரத்தில் கொடி நட்ட குழியில் போட வேண்டும். குறைந்த அடியில் போட்டவன் ஜெயித்தான். இப்படிப் பதினெட்டுக் குழி. அவற்றை நிலத்தில் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதற்கு ரூட்டிங் என்று பெயர். காலையில் ஆடுபவன் கண்ணில் வெயில் அடிக்கக் கூடாது. ஒரே திசையில் மூன்று குழி தொடர்ந்து போனால் காற்றும் ஒரே பக்கம் அடித்துச் சலித்துப் போகும். ஒரு குழி முடிந்து அடுத்ததற்கு நடக்கும்போது, நடக்கிறோம் என்றே தெரியக் கூடாது. நல்ல ரூட்டிங் என்றால் நிலமே ஆளைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

அடுத்தது பங்கர். மணல் கொட்டின குழி, அவ்வளவுதான். பந்து அதில் விழுந்தால் எடுத்து அடிப்பது சிரமம். அதை எங்கே தோண்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ட இடத்தில் தோண்டினால் அது வெறும் தண்டனை. நல்ல பங்கர் ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கும். "என்னைத் தாண்டி அடிக்கிறாயா? தாண்டிவிட்டால் அடுத்த அடி சுலபம். பயமா? சரி, இடது பக்கம் பத்திரமாகப் போ, ஆனால் ஓர் அடி கூடும்." இப்படிக் கேட்க வேண்டும். ஆடுகிறவன் மேடையில் நின்று யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்குத்தான் நான் மார்க் போடுவேன்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஆடுகிறவன் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மேடையிலிருந்து கொடியைப் பார்த்து நடக்க வேண்டும். திரும்பி நின்று பார்த்து மார்க் போடுவது கிடையாது. ஆடுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை அல்லவா? அதனால் நாங்களும் பார்ப்பதில்லை.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரிமட்டம் கிளப்பில் ஏழாவது குழி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தை மாதம் போனோம். நல்ல மைதானம். பழைய ஆட்கள் போட்டது, மலையோடு மலையாகக் கிடக்கும். ஆனால் ஏழாவதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. மேடையிலிருந்து நிலம் ஏறுகிறது. இருநூறு கஜத்தில் முதுகு மாதிரி உயர்ந்து, அந்தப் பக்கம் சரிகிறது. அந்த முதுகில், வலது பக்கம், ஒரு பங்கர். பங்கருக்குப் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு மண்கரை. அந்தக் கரை அந்தப் பக்கத்தை முழுக்க மறைத்தது. பந்து எங்கே விழும் என்று மேடையில் நிற்பவனுக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு எவன் துணிந்து அடிப்பான்? எல்லோரும் இடது பக்கமே அடித்தார்கள். வருஷக்கணக்காக இடது பக்கமே அடித்து, அங்கே புல் தேய்ந்து பாதை விழுந்திருந்தது. பங்கர் கேள்வியே கேட்கவில்லை, டீச்சர். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதோடு இன்னொன்று. நான் மேடையில் நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தபோது, கரைக்கு மேலே ஏதோ சிவப்பாக எழும்பியது. ஆடியது. இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும்.

"அது என்ன?" என்று கேட்டேன்.

கூட வந்த செக்ரட்டரி தயானந்தன், "கொடிக்காரன் சார். அந்தப் பக்கம் ஆள் இல்லைன்னா கொடி காட்டுவான், அப்புறம்தான் அடிக்கணும். பந்து எங்க விழுந்துச்சுன்னும் அவன்தான் சொல்வான்" என்றார்.

பல் டாக்டர், "பார்க்காமலா சொல்றான்?" என்றார்.

"கேட்டுச் சொல்வான் சார். அடிக்கிற சத்தம் வந்ததும் கொடியை இறக்கிட்டு, கரையில முதுகைச் சாய்ச்சு உக்காந்துக்குவான். விழற சத்தத்தை வச்சே எடத்தைச் சொல்வான். சுருளியாண்டின்னு பேரு. இருபத்திரண்டு வருஷமா அங்கதான் இருக்கான்."

நான் கேட்டேன். காதில் விழுந்தது. ஆள் பெயர்கூடக் காதில் விழுந்தது.

ரிப்போர்ட்டில் ஏழாவது குழிக்கு நான்கு மார்க் போட்டேன். பங்கரைப் பன்னிரண்டு அடி முன்னால் கொண்டுவர வேண்டும், பின்னால் உள்ள கரையை முழங்கால் உயரத்துக்கு வழிக்க வேண்டும், அப்போதுதான் பங்கர் மேல் நேராக அடிக்கிற துணிச்சல் வரும் என்று எழுதினேன். கடைசி வரியாக இதை எழுதினேன்: "கரைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ அசைகிறது, ஆட்டக்காரரின் கண்ணை உறுத்துகிறது."

ஏதோ. அப்படித்தான் எழுதினேன். இங்கிலீஷில் 'சம்திங்'.

பத்தாம் வளைவு வந்துவிட்டதா? சரி.

இப்போதும் சொல்கிறேன், அமைப்பு என்று பார்த்தால் நான் எழுதியது சரி. எந்த நிபுணரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். சரி என்றுதான் சொல்வார். சித்திரை சீசன் முடிந்ததும் ஏழாவதை மூடி, ஜே.சி.பி. வைத்து, நான் எழுதியபடியே செய்தார்கள். ஒரு வரி விடாமல் செய்தார்கள். ஆவணியில் திறப்பு. என்னை அழைத்தார்கள். போனேன்.

மேடையில் ஏறி நின்று பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, டீச்சர். அவ்வளவு அழகு. சரிவின் மேல் பாதி தெரிகிறது, கீழ்ப் பாதி தெரியவில்லை. பங்கர் வெள்ளையாக வாயைத் திறந்து கேட்கிறது: வருகிறாயா? பங்கர் மேல் நேர்கோடு, அந்தக் கோட்டின் நுனியில் தூரத்துக் கொடி. ஒன்பது மார்க் என்று மனசுக்குள் போட்டேன். அப்போது அந்தக் கோட்டுக்கு மேல் சிவப்பு ஒரு தடவை எழும்பியது. ஆடவில்லை. ஒரே தடவை எழும்பி இறங்கிவிட்டது. கண்ணை உறுத்துகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, ஆட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

முதல் அடி அடித்தவர் ஒரு விருந்தாளி. கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், அவரை ஒன்றும் சொல்ல மாட்டேன். பங்கர் மேலேயே அடித்தார். கரை இருந்த காலத்தில் ஒருவரும் அடிக்காத கோடு. அடி சரியாகப் படவில்லை, பந்து உயரவில்லை. தாழ்வாக, விசையாக, பங்கரைத் தாண்டி, வழித்த கரைக்கு மேல் உரசுகிற மாதிரி போனது. நேராக என் கோட்டிலேயே போனது.

நான் கைதட்டினேன்.

எல்லோருக்கும் முன்னால் நான்தான் கைதட்டினேன். என்னைப் பார்த்து மற்றவர்கள் தட்டினார்கள். அந்தத் தட்டலில் பந்து விழுந்த சத்தம் கேட்கவில்லை என்று நினைத்தோம். கொடி எழும்பட்டும் என்று காத்திருந்தோம். தயானந்தன், "டேய் சுருளி, எங்கடா விழுந்துச்சு?" என்று கூப்பிட்டார். இரண்டு தடவை கூப்பிட்டார். "காலையிலேயே தூங்கிட்டான் போல" என்று யாரோ சிரித்தார்கள்.

பின்னந்தலையில் பட்டிருந்தது. முன்பு எப்படி உட்காருவாரோ அப்படியே, மேடைக்கு முதுகைக் காட்டி, கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகுக்குத்தான் கரை இல்லை.

அன்றைக்குத்தான் ஏழாவது குழியைப் பின்பக்கமிருந்து பார்த்தேன். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் மட்டும் அங்கே நின்றேன். ஒரு தட்டைக் கல். தண்ணீர் வைக்க ஒரு பெயின்ட் டப்பா. கல்லுக்கு முன்னால், புல் தரையில், இரண்டு பள்ளம். பாத அளவுக்கு. எழுந்து நின்று எழுந்து நின்று, இருபத்திரண்டு வருஷமாக இரண்டு கால் நின்ற பள்ளம். தை மாதத்தில் பத்தடி தள்ளி வந்து எட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். விதி இருந்தது. திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லை.

அந்தப் பள்ளத்தில் மண் போட்டு மூன்று தடவை புல் பதித்துவிட்டார்களாம். பிடிக்கவில்லை. மண் இறுகிவிட்டது, வேர் இறங்காது என்கிறார் தோட்டத்து மேஸ்திரி. இருக்கும். மண்ணைப் பற்றி எனக்கும் தெரியும். இறுகின மண்ணில் வேர் இறங்காதுதான். ஆனால் சுற்றிப் பச்சையாக இருக்க இரண்டு பாதம் மட்டும் செம்மண்ணாக... வேண்டாம், விடுங்கள்.

அதற்குப் பிறகு எந்த மேட்டைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் சிவப்பாக எழும்புகிறது. பட்டப்பகலில்தான். இந்த மலையில் எத்தனை மேடு இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். அதனால்தான் ஜன்னலோரம் வேண்டாம் என்றேன்.

நான் யாரையும் குற்றம் சொல்கிறவன் இல்லை. என்னையும் சொல்லவில்லை. இதோடு முடிந்திருந்தால் இது ஒரு விபத்து. இதோடு முடியவில்லை.

நான்கு நாள் கழித்து தயானந்தன் போன் செய்தார். குரலே தேனாக இருந்தது.

"சார், விசாரணைக்கு வர்றாங்க. உங்க ரிப்போர்ட்டை எடுத்துப் படிச்சேன். அருமையான ரிப்போர்ட். ஒரே ஒரு வரி விட்டுப் போச்சுன்னு தோணுது."

"எந்த வரி?"

"கரையை வழிக்கச் சொன்னவர், அங்க உக்காந்திருக்கிற ஆளை எங்க மாத்தறதுன்னு சொல்லாம இருந்திருப்பீங்களா? உங்க அனுபவத்துக்கு?"

நான் என் நகலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

"மனசுல இருந்திருக்கும் சார். டைப் அடிக்கறப்ப விட்டிருக்கும்."

மனசில் இருந்தது, டீச்சர். இருந்திருக்கும். முப்பது வருஷம் நிலம் அளந்தவன் மனசில் அது இல்லாமலா போகும்? மனசில் இருந்ததைப் பின்னால் எழுதினால் அது பொய் ஆகாது. அப்படித்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கடைசிப் பக்கத்தைத் திரும்ப டைப் அடித்தேன். கண்ணை உறுத்துகிறது என்ற வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "கொடி காட்டும் பணியாளருக்கு இடது பக்கத்து மரத்தடியில் வேறு இடம் ஒதுக்க வேண்டும்." பழைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

நல்ல வரி. படிக்கிறவனுக்கு என் மேல் மரியாதை வரும்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிளப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா? நிபுணர் சொன்னபடி மரத்தடியில் நிற்கச் சொன்னோம், சொன்ன பேச்சைக் கேளாமல் பழைய இடத்திலேயே உட்கார்ந்ததால் இறந்தார். முடிந்தது. கையெழுத்து, முத்திரை. விருந்தாளி மேல் தப்பில்லை, கிளப் மேல் தப்பில்லை, என் மேல் தப்பில்லை. செத்தவர் மேல்தான் தப்பு.

எனக்கு இது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும் கிளம்பி வந்தேன். கிளப்புக்குப் போகத்தான் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஒரு டீக்கடை. கடைசி ஸ்டாப்பில் இடம் குறுகல், டீச்சர், ஒரு பக்கம் சரிவு. வண்டி பின்னால் எடுத்துத்தான் திரும்ப வேண்டும். எங்கள் டிரைவர் பின்னால் எடுக்கிறார். கடைக்காரம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து, வண்டிக்குப் பின்னால் நின்று, "வரலாம்... வரலாம்... ஒடிச்சு வாங்க... போதும்" என்று துணியைக் காட்டுகிறார்.

சிவப்புத் துணி.

நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தம்மா என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஏங்கய்யா, அங்கன நிக்காதீங்க! பஸ்சு அங்கிட்டுத்தான் ஒடிச்சு வரும். இங்கிட்டு மரத்தடிக்கு வந்து நில்லுங்க!"

மரத்தடிக்கு வந்து நில்லுங்கள். யாரென்றே தெரியாத ஆளிடம் சொல்கிறார். வலது கையில் துணி, ஒரு கண் வண்டி மேல், அடுப்பில் பால் பொங்குகிறது. அதற்கு நடுவில் சொல்கிறார். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அந்த வரியை எழுதத்தான் எனக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.

டீ கொடுத்தார். குடித்தேன். கிளப்புக்குப் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன். அடுத்த மாதமும் வந்தேன். டீ குடித்தேன். ஒச்சம்மாள் என்று பெயர். நான்காம் மாதம் நான் கேட்காமலே சொன்னார்.

"இது அவரோட கொடிங்கய்யா. நல்ல துணி, எதுக்கு வீணாப் போட்டு வைக்கணும்? டிரைவருக்கும் ஒத்தாசை."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொன்ன பேச்சு கேக்காம செத்தாருன்னு எழுதி வச்சிருக்காங்களாம். எம்புருசன் கேக்காத பேச்சு ஒண்ணு இருந்தாச் சொல்லுங்கய்யா பாப்போம். நில்லுன்னு சொன்ன எடத்துல இருபத்திரண்டு வருசம் நின்ன மனுசன். மொத நாளு சாயந்தரம் மேஸ்திரிகிட்டக் கேட்டிருக்காரு: கரைய வழிச்சிட்டீங்களே, நான் எங்கன நிக்கட்டும்னு. எப்பவும் நிக்கிற எடத்துலதான் நிக்கணும், இதென்ன புதுசாக் கேக்குறேன்னானாம் அவன். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிச்சாரு. முதுகுக்குக் கரை இல்லாம உக்காந்தா வேட்டி இல்லாம உக்காந்த மாதிரி இருக்குடின்னாரு."

"மேஸ்திரி என்ன சொல்றார்?"

"அந்த ஆளு மறுமாசமே கேரளா பக்கம் போயிட்டான். இப்ப இருக்கவன் புதுசு. பெரிய எடத்துல எழுதின காயிதம் இருக்கு, நான் வாயால சொல்றது நிக்குமா? எனக்கு வேற ஒண்ணும் வேணாங்கய்யா. அந்த ஒரு வரிய அழிச்சாப் போதும். எம்மக எட்டாவது படிக்கிறா. அடங்காத பிள்ளைய வாத்தியாரு திட்டுறப்ப, 'சுருளியாண்டி மாதிரி சொல்பேச்சு கேக்காமத் திரியாத'ன்னாராம். வந்து சோறு திங்கல."

ஆமாம் டீச்சர். உங்கள் பள்ளிக்கூடம்தான். இப்போது ஒன்பதாம் வகுப்பு.

நான் நிலம் அளந்தவன். அளந்தவன் களக் குறிப்பைத் தூக்கிப் போட மாட்டான். முதல் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கம் என்னிடம்தான் இருக்கிறது. தை மாதம் அடித்தது, சங்கத்து முத்திரையோடு. இதோ, இந்தக் கவரில். ஒவ்வொரு தடவையும் கொண்டுவருகிறேன். அந்தம்மாவிடம் கொடுத்தால் என் பெயர் போகும். அது பரவாயில்லை, எழுபதை நெருங்குகிறவனுக்குப் பெயர் எதற்கு? ஆனால் கொடுக்கும்போது நான் யார் என்று சொல்ல வேண்டும். சொன்னால், மரத்தடிக்கு வரச் சொன்ன அந்தம்மா என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

யாரது, லூர்துவா? எங்கள் கண்டக்டர். என்னப்பா சொல்கிறாய்?

"ஒண்ணுமில்ல சார். போன மாசம் அந்த வெட்னரி டாக்டர்கிட்டயும் இதேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தி எல்.ஐ.சி. ஏஜென்ட்டுகிட்ட. கொடுக்கப் போறேன்னுதான் வர்றீங்க, டீ குடிச்சிட்டுப் போயிடுறீங்க. டிக்கெட் எடுத்தா நான் என்ன வேணாங்கப் போறேன்?"

கேட்டீர்களா? இந்த வயசில் கண்டக்டரிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவன் சொல்வது சரி. பதினோரு தடவை வந்தாயிற்று. பக்கத்தில் உட்காருகிறவரிடம் சொல்லிச் சொல்லியே சுமை குறைந்துவிடுகிறது. இறங்கும்போது சொல்ல ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை.

டீச்சர், ஒன்று செய்வோமா? அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் கொடுத்தாலும் யாராவது வாசித்துச் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் தினமும் அந்தக் கடை வழியாகத்தான் போகப் போகிறீர்கள். கவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டவில்லை, திறந்துதான் இருக்கிறது. மெதுவாக ஒரு நாள், நேரம் பார்த்து...

ஏன், வாங்க மாட்டீர்களா?

ம்.

நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள் பாருங்கள், அது என் மகள் செய்கிற மாதிரியே இருந்தது. சரி. நியாயம்தான். ஊருக்குப் புதிதாக வருகிறவர் கையில் என் பாரத்தை எப்படிக் கொடுப்பது? அது மறுபடியும் ஓர் ஆளைக் கரை இல்லாத இடத்தில் உட்காரவைத்துவிட்டு வருகிற மாதிரி.

வந்துவிட்டது. வண்டி பின்னால் எடுக்கிறது. பின் கண்ணாடியில் பாருங்கள். வேண்டாம், நானே பார்க்கிறேன். அதோ, ஒச்சம்மாள். எழும்புகிறது, ஆடுகிறது, இறங்குகிறது. இன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கிறேன். துணி நடுவில் ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறது. அதற்கு மேலே ஒரு முகம், வியர்த்திருக்கிறது. இத்தனை நாள் சிவப்பை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"டீயா சார்?"

இல்லை லூர்து. இன்றைக்கு டீக்கு இல்லை. கொஞ்சம் கையைக் கொடு, முழங்கால் பிடித்துக்கொண்டது.

நான் முன்னால் இறங்குகிறேன், டீச்சர். நான் யார் என்று நானே சொல்கிறேன். சொன்ன பிறகு எனக்கு வாய் வராது. அப்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் வந்து இந்தப் பக்கத்தை வாசித்துச் சொல்லுங்கள். அந்த நான்கு மார்க் கதை எல்லாம் வேண்டாம். கடைசி வரி, கண்ணை உறுத்துகிறது என்று இருக்கிறது பாருங்கள், அதிலிருந்து வாசியுங்கள். அதற்குக் கீழே என் கையெழுத்து வரைக்கும் நான்கு விரல் அகலம் வெற்றுக் காகிதம். அங்கே நின்றுவிடாதீர்கள். அந்த வெற்று இடத்தையும் வாசியுங்கள். இங்கே ஒன்றும் எழுதவில்லை, யாரும் யாரையும் எங்கேயும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை என்று, கடையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள்.